ஒட்ட வெட்டிய சதுரம்

"பாதி" என்ற சொல்லை முதலில் சொன்னது யார் என்பதில் எங்கள் மூவருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. சொன்னது அண்ணனாகிய நான்தான் என்கிறாள் தங்கை. அவள்தான் சொன்னாள் என்பது என் நினைவு. அந்த அறையிலேயே இல்லாத மாப்பிள்ளை, போனில் தான் சொன்னதாகச் சாதிக்கிறார். என் நினைவின்மேல் எனக்கே அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. புத்தகங்களின் கடைசியில் வரும் சொல்லடைவைத் தயாரிப்பது என் தொழில். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பிறர் எழுதியதில் தேடிச் சொல்லத் தெரியும். வீட்டில் பேசியது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டால் தடுமாறிவிடுவேன். ஆகவே இதில் பேச்சுகள் முன்பின்னாக இருக்கலாம். நடந்தது மட்டும் நடந்ததுதான்.

தங்கை தையல்காரி. நாலாவது மாடியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் நடு அறைதான் அவளுடைய பட்டறை. சாப்பாட்டு மேஜையே துணி வெட்டும் மேஜை. சோற்றில் நூல் கிடைத்தால் எங்கள் வீட்டில் யாரும் முகம் சுளிப்பதில்லை. என்ன நிறம் என்று மட்டும் பார்ப்போம். மேஜையை ஒழித்தால்தான் தட்டு வைக்க முடியும், தட்டை எடுத்தால்தான் துணி விரிக்க முடியும். இந்த மாற்றி மாற்றிச் செய்தலில் அவளுக்கு ஒவ்வொரு நாளிலும் ஒரு பங்கு கரைந்துகொண்டிருந்தது.

தெருமுனையில் ஒரு பல் டாக்டர் தொழிலை நிறுத்திக்கொண்டார். தரைத்தளத்தில் அவருடைய கிளினிக் அறை காலியானது. தெருவைப் பார்த்த சுவர் முழுக்க ஜன்னல். தங்கை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கையை விரித்து ஜன்னலை அளப்பாள். உள்ளே யாராவது இருந்தால் சோம்பல் முறிப்பதுபோல் கொட்டாவி விடுவாள். வாடகை விஷயத்தைக் கவனித்தது டாக்டரின் மனைவி. பல் டாக்டரம்மா என்றுதான் தெருவில் சொல்வார்கள்.

"செல்போன் கடைக்காரர் ஒருத்தர் தினம் வந்து நிக்கிறாரும்மா" என்றார் அவர். "எனக்கு உன்னைத்தான் பிடிச்சிருக்கு. ஆனா பிடிச்சிருக்குங்கறதை வச்சு நான் என்ன பண்ண? இந்தக் கல்யாண சீசன் முடியறதுக்குள்ள அட்வான்ஸ் கொடுத்துடு. அதுக்கு மேல அவரை நிறுத்தி வைக்க முடியாது."

அந்தச் சமயத்தில்தான் அந்த ஆர்டர் வந்தது. வேறொரு நாட்டில் பனிச்சறுக்கு நடனம் ஆடும் குழு ஒன்று, ஆடுபவர்கள் அத்தனை பேருக்கும் உடை தைக்கச் சொன்னது. இழுத்தால் நீளும் துணி, உடம்பெல்லாம் மின்னும் கல். பணத்தை முழுதாக முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள். ஆனால் கிரிப்டோ காயினாக அனுப்பினார்கள். அவர்களுடைய கணக்கு வழக்கெல்லாம் அதில்தானாம். கூடவே ஒரு நிபந்தனை: உடைகள் போய்ச் சேர்ந்து, போட்டுப் பார்த்து, சரியில்லை என்றால், எத்தனை காயின் வந்ததோ அத்தனை காயினைத் திருப்ப வேண்டும். அதுவரை விற்க முடியாது.

அன்றைய விலைக்கு அது கிளினிக் அறையின் அட்வான்ஸுக்கும் வெள்ளையடிப்பதற்கும் போதும். ஆனால் காயின் விலை நின்ற இடத்தில் நிற்கும் சாதி இல்லை. உடை தைத்து முடிப்பதற்குள் அது பாதியாகிவிட்டால் அறை போச்சு.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு எதையும் லிஃப்டை வைத்துத்தான் விளக்கத் தெரியும்.

"லிஃப்ட் பெட்டி மேல போகும்போது பின்னாடி என்ன நடக்குது, சொல்லு டெய்லரம்மா."

"எனக்கென்ன தெரியும். கதவு மூடினா நான் கண்ணாடியைத்தான் பார்ப்பேன்."

"பின்னாடி எதிர் எடை கீழ வருது. பெட்டி இறங்கினா அது ஏறும். ரெண்டும் ஒரே கயித்துல. அதே மாதிரி, நம்ம காயின் விலை இறங்கினா லாபம் தர்ற ஒரு ஒப்பந்தத்தை எதிர்ல கட்டித் தொங்கவிடணும். அதுக்குன்னு ஃபியூச்சர்ஸ் கணக்கு இருக்கு."

"விலை ஏறினா?"

"ஒப்பந்தத்துல நஷ்டம். கையில இருக்கற காயினுக்கு மதிப்பு கூடியிருக்கும். மொத்தத்துல நாம நின்ன இடத்துலயே நிப்போம்."

"நின்ன இடத்துலயே நிக்கறதுக்கு இவ்வளவு பாடா?" என்றாள் தங்கை. "ஏன் அண்ணா, நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா? உன் வாயில என்ன, கொக்கியா மாட்டியிருக்கு?"

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு விஷயம் உள்ளே போய் இறங்க நேரமாகும். பிறகு கேட்டேன்: "பெட்டியில் ஏறும் ஆள் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்குமே மாப்ளே. எந்தக் கணக்கில் எதிர் எடை வைப்பீங்க?"

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இதான் மச்சான் கேள்வி! பெட்டியோட எடை, அதோட ஆள் பாரத்துல ஏறக்குறைய பாதி. முழுசுக்கும் சமமா வச்சா, காலியா ஓடும்போது எதிர்ப்பக்கம் இழுத்துக்கிட்டு போயிடும்."

அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது. காயின் வாங்கி விற்கும் ஒரு எக்ஸ்சேஞ்சில் தங்கையின் பேரில் கணக்கு திறக்கப்பட்டது. உள்ளே காயின் போடவும் ஒப்பந்தத்தைக் கட்டவும் குறைக்கவும் அவள் ஒருத்தி போதும். வெளியே எடுக்க வேண்டுமென்றால் மாப்பிள்ளையின் போனில் வரும் எண்ணும் வேண்டும். அப்படி ஏற்பாடு செய்தது மாப்பிள்ளைதான். "கோபத்துல ஒருத்தர் எடுக்கப் போனாலும் இன்னொருத்தர் கிட்ட வந்து பேசியாகணும் பாரு" என்றார். இவர்கள் இருவரும் சண்டை போட்டால் சுவிட்ச் எது, விளக்கு எது என்பதைக்கூட என் மூலமாகத்தான் சொல்லிக்கொள்வார்கள். ஆகவே எனக்கு அது நல்ல ஏற்பாடாகத் தோன்றியது.

ஒப்பந்தம் முழுத்தொகைக்கும் கட்டப்பட்டது. ஆனால் அதற்கு ஈடாக உள்ளே வைக்கும் காயினில் தங்கை பிடிவாதமாக இருந்தாள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே போடமாட்டேன் என்றுவிட்டாள். மிச்சம் அவளுடைய போனில் இருந்த வாலட்டில் கிடந்தது. விலை ஏறி, நஷ்டம் அந்த ஈட்டைத் தின்று தீர்த்துவிட்டால், நம்மைக் கேட்காமலே எக்ஸ்சேஞ்சில் ஒப்பந்தத்தை மூடிவிடுவார்கள். ஈடு அவ்வளவும் போய்விடும். அதற்கப்புறம் விலை சரிந்தால் தாங்க எதிரே எதுவும் இருக்காது. அப்படி மூடும் விலையைத் திரையில் ஒரு சிவப்புக் கோடாகக் காட்டியிருந்தார்கள். விலை கோட்டை நெருங்கினால் வாலட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் உள்ளே அனுப்பினால் போதும், கோடு விலகிப் போய்விடும். இதைச் சில தடவை மாப்பிள்ளை தன் கையாலேயே செய்தார்.

லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டால் அவருக்குப் போன் எடுக்காது. ஆகவே தங்கைக்காக ஒரு தாள் அச்சடித்துக் கொண்டுவந்தார். கணக்கின் முகவரி, போனால் ஸ்கேன் செய்யும் கட்டமாக நடுவில் இருந்தது. அடியில் ஒரு வரி. "அவசரம்னா இதைப் பார்த்து அனுப்பு, எல்லாம் இதுலயே இருக்கு" என்று வெட்டு மேஜையின் மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

மேஜையின் ஓரத்தில் ஒரு கண்ணாடி பதித்திருக்கும். அளவு அட்டவணைகளை அதற்கடியில்தான் செருகி வைப்பாள். தாள் அதற்குப் பெரிதாக இருந்தது. தங்கை கத்தரியை எடுத்து, அடிக்கோல்கூட வைக்காமல், கட்டத்தின் நாலு பக்கமும் ஒட்ட வெட்டி ஒரு சதுரமாக்கிக் கண்ணாடிக்கடியில் செருகினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கழித்த ஓரங்கள் வெட்டுத்துணிக் கூடைக்குப் போயின.

விலை பாய்ந்த அன்று நடு மத்தியானம். மாப்பிள்ளை ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின் லிஃப்டில் கம்பிவடம் மாற்றப் போயிருந்தார். நான் என் அறையில் மீன்வளர்ப்பு பற்றிய ஒரு பருமனான நூலுக்கு அடைவு தயாரித்துக்கொண்டிருந்தேன். தையல் மெஷின் நின்றது. ஓடும்போது கேட்காத மெஷின் நிற்கும்போதுதான் காதில் விழும்.

"அண்ணா, இங்க வா. இது கத்துது."

போன் திரையில் விலை ஏறிக்கொண்டிருந்தது. சிவப்புக் கோடு அதற்கு மேலே, ஆனால் அதிக மேலே இல்லை. தங்கை பதறவில்லை. கையிலிருந்த ஊசியைச் சின்ன ஊசிமெத்தையில் குத்திவிட்டு, கண்ணாடிக்கடியில் இருந்த சதுரத்தைப் போனால் ஸ்கேன் செய்தாள். அனுப்ப வேண்டிய அளவைப் போட்டாள். அனுப்பிவிட்டாள். வாலட்டில் "முடிந்தது" என்று வந்தது.

"அவ்வளவுதான்" என்று மெஷினுக்குத் திரும்பினாள்.

கோடு நகரவில்லை. காத்திருந்தோம். கணக்கில் எதுவும் வந்து சேரவில்லை. வாலட்டில் போய்விட்டது என்று இருந்தது, கணக்கில் வரவில்லை என்று இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். என் போனை எடுத்தேன்.

மாப்பிள்ளைக்குப் போன் போகவில்லை. ஆஸ்பத்திரி வரவேற்பறையின் எண்ணைத் தேடிக் கூப்பிட்டு, லிஃப்ட் வேலை செய்கிறவரை அழைக்கச் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு அந்நியரிடம் அவ்வளவு வேகமாகப் பேசியது அன்றுதான். கொஞ்ச நேரத்தில் காவலாளியின் போனிலிருந்து அவர் கூப்பிட்டார். தங்கை ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்லைங்க. காயின் அனுப்பினேன், போய்ச் சேரல."

"மெமோ போட்டியா?"

"எதை?"

"மெமோ நம்பர். கட்டத்துக்குக் கீழ அச்சடிச்சிருந்தேனே."

தங்கை கண்ணாடியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சதுரத்தின் நாலு பக்கமும் கச்சிதமாக இருந்தது.

"அது பிரிண்டர் தானா அடிக்கிற நம்பர்னு நினைச்சு வெட்டிட்டேன்."

"அனுப்பும்போது கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு. விருப்பமிருந்தா போடவும்னு இருந்துச்சு. எனக்கு விருப்பமில்ல."

அந்தப் பக்கத்தில் காவலாளி யாரையோ வரிசையில் நிற்கச் சொல்வது மட்டும் கேட்டது. பிறகு மாப்பிள்ளை சொன்னார்: "அந்த முகவரி அங்க கணக்கு வச்சிருக்கற எல்லாருக்கும் பொது. மெமோதான் யாருதுன்னு சொல்லும். அபார்ட்மென்ட் பேரை எழுதிட்டு வீட்டு நம்பர் எழுதாம பார்சல் அனுப்பின மாதிரி ஆயிடுச்சு. தொலையாது. கீழ செக்யூரிட்டி மேஜைல கிடக்கும். ஆனா கேட்டு வாங்க நாளாகும்."

"எனக்கு இப்பல்ல வேணும்!"

"ஜாக்கெட்டுக்கே ரெண்டு விரல் ஓரம் விட்டு வெட்டற ஆளு நீ. இதுக்கு மட்டும் ஏண்டி ஒட்ட வெட்டின?"

"கண்ணாடிக்குள்ள போகல, வெட்டினேன். அதை அப்புறம் பேசிக்கலாம். இப்ப என்ன பண்ண?"

"வாலட்ல மிச்சம் இருக்கறதுல இன்னும் கொஞ்சம் அனுப்பு. இப்ப மெமோவோட. நம்பர் கணக்குலயே காட்டும்."

அவள் அனுப்பிப் பார்க்கத் தொடங்கினாள். ஊரே ஒரே நேரத்தில் அனுப்பிக்கொண்டிருந்தது போலும். போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் என்று திரை சொன்னது. விலைக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம் இருப்பதாகத் தெரியவில்லை. அவள் விரல் திரைக்கு மேலே நின்றது.

இந்த இடத்தில்தான் அந்தச் சொல் வருகிறது. என் நினைவில், தங்கை தலை நிமிராமல், "பெட்டில பாதி ஆளுக்குத்தானே எதிர் எடை வைப்பீங்க?" என்றாள். அவளுடைய நினைவில் நான், "பாதியை அவிழ்த்துவிடு" என்றேன். மாப்பிள்ளை சொல்வது, "பாதி ஒப்பந்தத்தை மூடு, இருக்கற ஈடு மிச்சப் பாதிக்குத் தாங்கும்" என்று தான் சொன்னதாக. மூன்றுமே சொல்லப்பட்டிருக்கலாம். ஒரே நேரத்தில்கூட.

"மூடினா பாதி நஷ்டம் இப்பவே நிஜமாயிடும்" என்றார் மாப்பிள்ளை. "அப்புறம் விலை விழுந்தா பாதி காயினுக்குத் தாங்கல் இல்ல. தெரிஞ்சுதானே செய்யற?"

"தெரியும். முழுசா போறதுக்குப் பாதி பரவாயில்ல. துணி பத்தலைன்னா கையைக் குட்டையா வைக்கறதில்லையா? சட்டை சட்டைதான்."

அழுத்தினாள். கோடு ஒரு துள்ளலில் மேலே விலகிப் போனது. பெரிய தூரம் ஒன்றுமில்லை. காவலாளி தன் போனைத் திருப்பிக் கேட்டார். மாப்பிள்ளை குழிக்குள் இறங்கிவிட்டார். நாங்கள் இருவரும் மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். விலை பழைய கோடு இருந்த இடத்தைத் தாண்டியது. தாண்டியபோது தங்கை என் மணிக்கட்டைப் பிடித்தாள். புதுக் கோட்டை நோக்கிப் போயிற்று. அதன் கீழே நின்றது. நின்றபடியே கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது. பிறகு மெல்ல இறங்கியது.

கடைசியில் தங்கைதான், "உன் மீனெல்லாம் காத்துக்கிட்டிருக்கும், போ" என்றாள். மெஷின் ஓடத் தொடங்கியது.

வீட்டு எண் இல்லாத பார்சலைக் கேட்டு வாங்குவது பெரிய கூத்தாக இருந்தது. அனுப்பியதற்கான அடையாள எண், வாலட்டின் படம், கணக்கின் படம் எல்லாம் கேட்டார்கள். தவறு எப்படி நேர்ந்தது என்று விளக்கவும் சொன்னார்கள். தங்கை கண்ணாடிக்கடியில் இருந்த சதுரத்தைப் படமெடுத்து, "கத்தரியால் நேர்ந்தது" என்று எழுதி அனுப்பினாள். ஒவ்வொரு பதிலும் "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று முடிந்தது.

"நான் எப்படா பொறுமையா இருந்தேன்?" என்று போனைக் கேட்டாள் அவள்.

ஆனால் இருந்தாள். அதுதான் எனக்கு வியப்பு. விலை சரிந்துகொண்டே வந்தது. தாங்கல் இல்லாத பாதி தேய்ந்துகொண்டே வந்தது. அறை கைநழுவுகிறதோ என்று நான் மனத்துக்குள் புழுங்கினேன். அவள் கல் ஒட்டிக்கொண்டிருந்தாள். உடைகள் திரும்பி வந்தால் கொடுக்க அத்தனை காயின் இப்போது எங்களிடம் இல்லை. ஆகவே திரும்பி வரக்கூடாது என்று தீர்மானித்தவளைப்போல் தைத்தாள். ஒவ்வொரு உடையையும் முதலில் தளர்ந்த தையலில் இணைத்து, பொம்மைக்கு மாட்டி, கையைத் தூக்கி, முதுகை வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் மெஷினில் வைத்தாள். பொம்மை வளையாத இடங்களுக்கு என்னை வளையச் சொன்னாள். மின்னும் நீல உடையை மார்பில் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்ற என்னை, குளித்துவிட்டு வந்த மாப்பிள்ளை பார்த்தார்.

"மச்சான், உங்களுக்கு இந்தக் கலர் எடுப்பாதான் இருக்கு" என்றுவிட்டுப் போனார்.

உடைகள் போயின. போய்ச் சேர்ந்தன. குழுவின் மேலாளர் ஒரு சின்ன வீடியோ அனுப்பினார். வெள்ளைத் தரையில் நீலமாய் ஒருத்தி சுழன்றாள். எந்தத் தையலும் விடவில்லை. "எங்களுக்கு முழுத் திருப்தி" என்று எழுதியிருந்தார். தங்கை வீடியோவை நிறுத்தி நிறுத்தி அக்குளை மட்டும் பார்த்தாள்.

அதே வாரத்தில் தொலைந்த காயின் கணக்கில் வந்து சேர்ந்தது, மீட்டுக்கொடுத்த கட்டணம் போக.

வெளியே எடுத்த நாளை நான் தெளிவாக நினைவு வைத்திருப்பதாக நம்புகிறேன். காலை வெயில் மேஜைமேல் விழுந்திருந்தது. முதலில் மிச்ச ஒப்பந்தத்தை மூடினாள். ஃபியூச்சர்ஸ் கணக்கிலிருந்து காயினை முதன்மைக் கணக்குக்கு மாற்றினாள். வாலட்டில் இருந்ததையும் அங்கேயே கொண்டுவந்து, இம்முறை மெமோவோடு, எல்லாவற்றையும் விற்றாள். பணத்தை அவளுடைய வங்கிக்கு அனுப்ப வேண்டும்.

"மொத்தமா அனுப்பிடலாமா?" என்றார் மாப்பிள்ளை.

"முதல்ல தளர்ந்த தையல்" என்றாள். ஒரு காப்பிக்கு ஆகும் பணத்தை மட்டும் அனுப்பினாள். மாப்பிள்ளை தன் போனில் வந்த எண்ணை வாசித்தார். அவள் போட்டாள். வங்கியிலிருந்து வந்துவிட்டது என்று சேதி வரும்வரை மூவரும் உட்கார்ந்திருந்தோம். வந்தது. அப்புறம்தான் மிச்சம். அதற்கும் அவர் எண் வாசித்தார். வாசிக்கும்போது அவர் குரல் கொஞ்சம் தடித்திருந்தது. தங்கை அதைக் கவனித்துவிட்டாள்.

"என்னங்க, ஆறு நம்பர் படிக்கறதுக்கா அழுவாங்க?"

"அழல. கிரீஸ் வாடை."

பணம் அட்வான்ஸுக்குச் சரியாக இருந்தது. வெள்ளையடிக்க மிச்சமில்லை. பல் டாக்டரம்மா சாவியைக் கொடுத்தார். "சுவர் பச்சையா இருக்கேம்மா, பரவாயில்லையா?" என்றார். "அளவெடுக்க வர்றவங்க வாயைத் திறக்காம இருந்தா சரி" என்றாள் தங்கை.

இப்போது அவள் அந்தப் பச்சை அறையில்தான் தைக்கிறாள். பல் நாற்காலியைப் பொருத்தியிருந்த போல்ட்டுகள் தரையில் துருத்திக்கொண்டிருந்தன. அவற்றின்மேல் ஒரு புது வெட்டு மேஜையின் கால்களை மாட்டிவிட்டார் மாப்பிள்ளை, மேஜை ஆடுவதில்லை. பனிச்சறுக்குக் குழு இன்னொரு ஆர்டர் கொடுத்திருக்கிறது, காயினாகத்தான். இம்முறை பாதிக்கு மட்டும் எதிர் எடை கட்டியிருக்கிறார்கள். புதுத் தாளில் மெமோவைக் கட்டத்துக்கு மேலேயும் கீழேயும் அச்சடித்து, கண்ணாடியின் அளவுக்கே கொண்டுவந்து கொடுத்தார் மாப்பிள்ளை. அவர் இன்னும் லிஃப்ட் வேலைதான் செய்கிறார். செல்போன் கடைக்காரர் எதிர்ச் சாரியில் கடை போட்டு, தங்கையிடம் சட்டை தைத்துக்கொள்கிறார். பல் டாக்டரம்மா வாடகை வாங்க வந்தால் உட்கார்ந்து பொத்தான் தைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். மீன்வளர்ப்பு நூல் என் அடைவோடு வெளிவந்துவிட்டது. வீட்டில் சாப்பாட்டு மேஜையில் இப்போது சாப்பாடு மட்டும் இருக்கிறது. எப்போதாவது ஒரு நூல்.